அந்தப் படத்தைப் பார்த்து அழுதவங்களும், பயந்தவங்களும்

லெந்து நாள், அதாவது ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலம் வந்தாலே, இயேசுவோட பாடுகளைக் காட்டுற இந்தப் படத்தோட கிளிப் எங்கிருந்தாவது வந்துடுது. கசையடி சீன், இல்லன்னா ஆணி அடிக்கிற சீன், மேல "உனக்காகத்தான்"னு ஒரு வரி, பின்னாடி சோகமா ஒரு பாட்டு. கொஞ்ச நேரத்துல யாராவது "இதெல்லாம் ஏங்க ஃபார்வர்ட் பண்றீங்க, பிள்ளைங்க கையில போன் இருக்கு"ன்னு கேப்பாங்க, உடனே இன்னொருத்தர் "ஆண்டவர் பட்ட பாட்டைப் பாக்கக்கூட உங்களுக்குக் கஷ்டமா இருக்கா"ன்னு பதில் போடுவாங்க, அதோட முடிஞ்சது. மெல் கிப்சனோட 'தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' 2004ல வந்துச்சு, இத்தனை வருஷம் ஆகியும் சண்டை அப்பவே எங்க நின்னுச்சோ அங்கயேதான் நிக்குது. நான் ஒரு விசுவாசி, சினிமாவும் ரொம்பப் பிடிக்கும், அதனால இந்தப் படத்தைப் பத்தி மனசுல இருக்கறத முழுசா எழுதிடணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டே இருந்தேன்.

படம் வந்த நாளே யோசிச்சு வச்ச நாள். 2004 பிப்ரவரி 25, சாம்பல் புதன். பெரிய ஸ்டுடியோ எதுவும் பணம் போடல, கிப்சன் சொந்தக் காசு சுமார் 3 கோடி டாலர் போட்டு எடுத்தாரு, அமெரிக்காவுல நியூமார்க்கெட்னு ஒரு சின்ன கம்பெனி ரிலீஸ் பண்ணுச்சு. வசனம் பூரா அரமேயிக், எபிரேயம், லத்தீன். முதல்ல சப்டைட்டிலே வேண்டாம்னுதான் அவர் சொல்லிட்டு இருந்தாரு. இப்படி ஒரு படத்தை யாரு பாப்பாங்கன்னு தொழில்ல இருக்கவங்க நினைச்சாங்க, கடைசில அமெரிக்காவுல மட்டும் 37 கோடி டாலர், உலகம் பூரா சேர்த்து 61 கோடி டாலர். அங்க 'ஆர்' ரேட்டிங் (பெரியவங்க கூட வந்தாத்தான் பிள்ளைங்க பாக்கலாம்) வாங்கின படங்கள்ல இதோட உள்நாட்டு வசூலை அடுத்த இருபது வருஷம் எதுவும் தாண்டல, 2024ல ஒரு சூப்பர்ஹீரோ படம் வந்துதான் தாண்டுச்சு.

இதுக்குக் காரணம் போஸ்டரோ டிரெய்லரோ இல்ல, சபைகள். ரிலீசுக்கு மாசக்கணக்குக்கு முன்னாடியே போதகர்களுக்குத் தனியா போட்டுக் காட்டினாங்க, அவங்க பிரசங்கத்துல சொன்னாங்க, சபை சபையா மொத்தமா டிக்கெட் வாங்கி தியேட்டரையே புக் பண்ணாங்க, பஸ் வச்சு கூட்டிட்டுப் போனாங்க. சினிமாவே பாவம்னு சொல்லி வளர்ந்தவங்ககூட இதுக்குப் போனாங்க. இதுல எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆச்சரியமா இருக்கறது என்னன்னா இது அடிமுதல் நுனிவரை ஒரு கத்தோலிக்கப் படம். சிலுவைப்பாதையில வர்ற ஸ்தலங்கள் ஒவ்வொண்ணா இருக்கு, வெரோணிக்கா முகத்தைத் துடைக்கிறது இருக்கு, மரியாளோட கண் வழியாத்தான் பாதி படமே நகருது. ஆனா இதைத் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடினவங்கள்ல பெரும்பகுதி சிலுவையில இயேசுவோட உருவத்தைக்கூட வைக்காத சபைக்காரங்க. நானும் அந்த மாதிரி சபையிலதான் வளர்ந்தேன், எங்களுக்குச் சிலுவைன்னா வெறும் மரம்தான், அவர் உயிர்த்துட்டாரு அதனால அதுல இல்லன்னு சொல்லிக்குடுப்பாங்க.

அதனாலதான் அந்த அழுகை எனக்குப் புரியுது. வாழ்க்கை பூரா நாம பாத்த இயேசு படம் எப்படி இருக்கும்? சீவின முடி, வெள்ளை அங்கி, நெத்தியில ரெண்டு துளி ரத்தம், முகத்துல வலியே தெரியாத ஒரு சாந்தம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை "உம் ரத்தம் ரத்தம்"னு பாடிட்டே இருக்கோம், அந்த வார்த்தைக்குள்ள ஒரு மனுஷ உடம்பு இருக்குன்னே மறந்துடுச்சு. திடீர்னு ஒருநாள் ரெண்டு மணி நேரம் அந்த உடம்பை மட்டுமே காட்டினா எப்படி இருக்கும். படம் முடிஞ்சும் தியேட்டர்ல ஜனங்க எழுந்திரிக்காம உக்காந்திருந்தாங்கன்னு அப்ப எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு, அதை நான் நம்புறேன். டெக்சாஸ்ல ஒருத்தர் படம் பார்த்த பிறகு போலீசுக்குப் போயி, தற்கொலைன்னு முடிச்சு வச்ச ஒரு சாவு நான் பண்ண கொலைன்னு ஒத்துக்கிட்டாரு. நார்வேல பல வருஷம் முன்னாடி குண்டு வச்ச ஆள் ஒருத்தர் இதேமாதிரி வந்து ஒத்துக்கிட்டாரு. கேன்சஸ்ல முதல் நாள் காட்சியிலேயே சிலுவையில அறையிற நேரத்துல ஒரு அம்மா மயங்கி விழுந்து இறந்தே போயிட்டாங்க. இதையெல்லாம் வெறும் மார்க்கெட்டிங், கூட்ட மனநிலைன்னு ஒதுக்கறவங்க மனுஷங்களைச் சரியா பாக்கலன்னுதான் நான் சொல்வேன்.

ஆனா அழுகை வந்துச்சுங்கறதனால படம் சொன்னது எல்லாம் சரின்னு ஆயிடாது. இதைச் சொன்னாலே நம்ம ஆளுங்க சிலருக்குக் கோவம் வருது, இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும்.

பைபிளைத் திறந்து கசையடி எத்தனை வரின்னு பாருங்க. யோவான் 19:1, "அப்பொழுது பிலாத்து இயேசுவைப் பிடித்து வாரினால் அடிப்பித்தான்." அவ்வளவுதான். மத்தேயுவும் மாற்குவும் அதைத் தனி வாக்கியமாக்கூட எழுதல, "வாரினால் அடிப்பித்து, சிலுவையில் அறையும்படி ஒப்புக்கொடுத்தான்"னு போற போக்குல சொல்லிட்டுப் போறாங்க. லூக்கால பிலாத்து "தண்டித்து விடுதலையாக்குவேன்"னு சொல்றதோட சரி. படத்துல இது பத்து நிமிஷத்துக்கு நெருக்கமா ஓடுது. முதல்ல பிரம்பு, ஒருத்தன் லத்தீன்ல எண்ணிக்கிட்டே இருக்கான், முடிஞ்சதுன்னு நாம மூச்சு விடும்போது இயேசு எழுந்து நிக்கிறாரு, உடனே முள்ளும் கொக்கியும் வச்ச சாட்டையை எடுக்கறாங்க, அது விலாவுல மாட்டி சதையைப் பிச்சிக்கிட்டு வருது, அப்புறம் திருப்பிப் போட்டு மறுபக்கம் அடிக்கறாங்க. சுவிசேஷம் எழுதினவங்களுக்கு இதெல்லாம் தெரியாம இல்ல. ரோம ராஜ்ஜியத்துல வாழ்ந்தவனுக்கு வாரடி என்னன்னு தெரியும், சிலுவைன்னா என்னன்னு ரோட்டோரத்துலயே பாத்திருப்பான், வர்ணிக்க வேண்டிய அவசியமே இல்ல. அவங்க நேரத்தை வேற எதுக்குச் செலவழிச்சாங்கன்னா, பேதுரு மறுதலிச்சது, பிலாத்து "சத்தியமாவது என்ன"ன்னு கேட்டது, கூட இருந்த கள்ளன் பேசினது, அம்மாவை யோவான் கிட்ட ஒப்படைச்சது. யாரு எப்படி நடந்துக்கிட்டாங்கங்கறதுதான் அவங்களுக்கு முக்கியம், அடி எவ்வளவு ஆழமா விழுந்துச்சுங்கறது இல்ல.

"அப்ப தெரிஞ்சது இப்ப தெரியாது, அதனால காட்டணும்"னு ஒரு வாதம் இருக்கு, நியாயமான வாதம்தான், கொஞ்சதூரம் நானும் ஒத்துக்கறேன். ஆனா ஒரு அளவுக்கு மேல என்ன ஆகுதுன்னா, அவர் நமக்காக ஒரு முடிவெடுத்து நின்ன மனுஷனா தெரியாம, அடி வாங்குற ஒரு உடம்பா மட்டும் ஆயிடறாரு. மலைப்பிரசங்கம், கடைசி இராப்போஜனம், கால் கழுவினது எல்லாம் சில நொடி ஃப்ளாஷ்பேக்கா வந்து போயிடுது. இவர் ஏன் ஜனங்களுக்குப் பிடிச்சவரா இருந்தாரு, ஏன் சிலருக்குப் பிடிக்காதவரா இருந்தாருன்னு பைபிள் படிக்காத ஒருத்தருக்கு இந்தப் படத்துல இருந்து தெரியவே தெரியாது.

இன்னொண்ணு, "அப்படியே பைபிள்ல இருக்கறபடி எடுத்திருக்காங்க"ன்னு சொல்றவங்களுக்கு. பல காட்சிகள் ஆன் கேத்தரின் எம்மெரிக்னு ஒரு ஜெர்மன் கன்னியாஸ்திரியோட தரிசனங்கள்ல இருந்து வந்தது, க்ளெமென்ஸ் ப்ரென்டானோன்னு ஒரு கவிஞர் எழுதி 1833ல புத்தகமா வந்துச்சு. கைது பண்ணி இழுத்துட்டு வரும்போது பாலத்துல இருந்து சங்கிலியோட கீழ தள்ளிவிடறது, பிலாத்தோட மனைவி மரியாளுக்குத் துணி கொண்டு வந்து குடுக்கறது, அதை வச்சு தரையில இருக்க ரத்தத்தைத் துடைக்கறது, இதெல்லாம் அங்கருந்துதான். காக்கா வந்து கள்ளனோட கண்ணைக் கொத்துறது எந்த சுவிசேஷத்துலயும் இல்ல. கலைஞனுக்குச் சேர்க்க உரிமை இருக்கு, அதுல எனக்குச் சண்டை இல்ல. ஆனா எதைச் சேர்த்திருக்காங்கன்னு பாருங்க, அந்தக் கண்ணைக் கொத்துறதும் பாலத்துல இருந்து தள்ளுறதும் வலி மேல வலிதான். தன்னைப் பாத்து மனந்திரும்பாத கள்ளனுக்கு உடனே கண்ணு போகணும்ங்கறது "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்"னு சொன்னவரோட மனசு கிடையாது.

வலியைக் காட்டறதே தப்புன்னு நான் சொல்லல, அதைத் தெளிவா சொல்லிடறேன். க்ரூனவால்ட் வரைஞ்ச ஐசன்ஹைம் பலிபீட ஓவியம்னு ஒண்ணு இருக்கு, 1512ல இருந்து 1516 வரைக்கும் வரைஞ்சது, இப்ப பிரான்ஸ்ல கோல்மார்னு ஒரு ஊர் மியூசியத்துல இருக்கு. அதுல இருக்க கிறிஸ்துவைப் பாத்தா கிப்சன் படமே தேவலன்னு தோணும், உடம்பு பூரா புண்ணு, தோல் பச்சையா போயிருக்கு, விரல்லாம் முறுக்கிக்கிட்டு நிக்குது. ஆனா அது யாருக்காக வரைஞ்சதுன்னா, 'புனித அந்தோனியார் நெருப்பு'ன்னு ஒரு நோய், பூஞ்சை பிடிச்ச கம்பு தானியத்தைச் சாப்பிட்டு வர்றது, கை கால் எரியும், கருத்து அழுகிப் போகும், அந்த நோயாளிகளைப் பாத்துக்கிட்ட மடத்துக்காக. அங்க படுத்திருந்தவன் நிமிர்ந்து பாத்தா அவனோட புண்ணு அவர் மேலயும் இருக்கு. அந்த ஓவியத்துல வலி இருக்கறது இவன் கூட அவர் நிக்கிறதுக்காக. படத்துல கடைசி வரைக்கும் எனக்குக் கிடைக்காதது இதுதான். அங்க வலி என்னைக் குத்தவாளிக் கூண்டுல ஏத்துது, அதைத் தாண்டி கூட வந்து உக்காரல.

ஒரே ஒரு இடம் தவிர. அவர் சிலுவையோட விழறாரு, மரியாளுக்கு சின்ன வயசுல அவர் ஓடி வந்து விழுந்தது ஞாபகம் வருது, அப்ப ஓடின மாதிரியே இப்பவும் ஓடுறா, "நான் இருக்கேன்"ங்கறா, அவர் முகத்தைத் தூக்கி "இதோ, சகலத்தையும் புதிதாக்குகிறேன்"ங்கறாரு. வெளிப்படுத்தல்ல இருக்க வசனத்தை அங்க கொண்டு வந்து வச்சது படத்தோட மிகப்பெரிய காரியம்னு நினைக்கறேன். மத்த ரெண்டு மணி நேர ரத்தத்துக்குமேல அந்த அரை நிமிஷம் என்னை உடைச்சுச்சு.

சரி, இப்ப பயந்தவங்க. இதுதான் நம்ம பக்கத்துல பேசப்படாமலே போன விஷயம்.

படம் வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே 2003ல கத்தோலிக்க, யூத அறிஞர்கள் சேர்ந்த ஒரு குழு ஸ்கிரிப்டைப் படிச்சுட்டு இதுல யூதர்களைக் காட்டுற விதம் ஆபத்தா இருக்குன்னு சொன்னாங்க, யூத வெறுப்பை எதிர்க்கற ஆன்ட்டி டெஃபமேஷன் லீக் அமைப்பும் அதையே சொல்லிச்சு. உடனே "இயேசு படம்னாலே இவங்களுக்கு எரியும்"னு ஒரு பேச்சு கிளம்புச்சு. ஆனா அவங்க எதுக்குப் பயந்தாங்கன்னு தெரிஞ்சுக்க ஐரோப்பாவோட பெரிய வெள்ளிக்கிழமை வரலாறு கொஞ்சம் தெரியணும். நூத்தாண்டுக்கணக்கா அந்த வாரம் வந்தா யூதர்கள் கதவைச் சாத்திட்டு உள்ள இருந்தாங்க, ஏன்னா பாடுகளைப் பத்தி பிரசங்கம் கேட்டுட்டும் நாடகம் பாத்துட்டும் வந்த கூட்டம் கண்ணுல பட்ட யூதனை அடிக்கும். ஜெர்மனியில ஓபராம்மர்காவ்னு ஒரு கிராமம், கொள்ளைநோய்ல இருந்து தப்பிச்சா ஆண்டவரோட பாடுகளை நாடகமா போடறோம்னு 1633ல பொருத்தனை பண்ணி 1634ல இருந்து போட்டுக்கிட்டு இருக்காங்க. அதோட 300வது வருஷம் 1934ல ஹிட்லர் நேர்ல போய்ப் பாத்தான், பின்னாடி இந்த நாடகம் யூதர்கள் எப்படிப்பட்டவங்கன்னு காட்டுது, இது தொடரணும்னு புகழ்ந்து பேசினான். அப்படி ஒருத்தன் புகழ்ற அளவுக்கு அதுல ஏதோ இருந்துச்சு. அந்த ஊர்க்காரங்களே அதை ஒத்துக்கிட்டு வருஷக்கணக்கா திருத்திட்டு வர்றாங்க, 2000ல நாடகத்துல இருந்து அந்த "இரத்தப்பழி" வசனத்தையே எடுத்துட்டாங்க.

அந்த வசனம் மத்தேயு 27:25. "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக." ஒரு கூட்டம் ஒருநாள் கத்தினதை வச்சு அதுக்கப்புறம் பிறந்த ஒவ்வொரு யூதக் குழந்தை மேலயும் பழி போட்ட வரலாறு இந்த ஒரு வரி மேல நிக்குது. 1965ல வத்திக்கான் சங்கம் 'நோஸ்த்ரா எத்தாத்தே' அறிக்கையில அப்ப இருந்த எல்லா யூதர்கள் மேலயும் இப்ப இருக்கறவங்க மேலயும் அந்தப் பழியைப் போட முடியாதுன்னு வெளிப்படையா சொன்னாங்க. 1988ல அமெரிக்க ஆயர்கள் பாடுகளை நாடகமா போட்டா எப்படிப் போடணும்னு வழிமுறையே எழுதி வச்சாங்க. கிப்சன் என்ன பண்ணாரு? எதிர்ப்பு வந்ததும் அந்த வரிக்கு சப்டைட்டிலை மட்டும் எடுத்தாரு. வசனம் அரமேயிக்ல அப்படியே இருக்கு, காதுல விழுது, மொழி தெரிஞ்சவனுக்குப் புரியும். இது திருத்தினது இல்ல, மறைச்சது.

"யூதர்களையும் நல்லா காட்டியிருக்காங்களே"ன்னு கேட்பீங்க. உண்மைதான். சீரேனே ஊரானாகிய சீமோன் இந்தப் படத்துல ரொம்ப நல்ல மனுஷன், அவரைப் பாத்து ரோம வீரன் "யூதன்"னு துப்புற மாதிரி சொல்றான், அந்த இடத்துல நம்ம மனசு சீமோன் பக்கம்தான் நிக்குது. மரியாளா நடிச்ச மாயா மோர்கன்ஸ்டெர்ன் ருமேனியாவைச் சேர்ந்த யூதர், படம் யூதர்களுக்கு எதிரானது இல்லன்னு அவரே சொன்னாரு. அதையும் கணக்குல எடுத்துக்கணும். ஆனா பிலாத்துவைப் பாருங்க. யோசிக்கிற, வருத்தப்படற, மனைவி பேச்சைக் கேக்கற ஒரு மென்மையான ஆளு. அதே காலத்துல வாழ்ந்த பிலோவும், கொஞ்சம் பின்னாடி எழுதின யோசேப்பஸும், ரெண்டு பேருமே யூத எழுத்தாளர்கள், பிலாத்துவைக் கொடூரமானவன்னுதான் எழுதியிருக்காங்க, லூக்கா 13லயே கலிலேயர்களோட ரத்தத்தைப் பலிகளோட கலந்தான்னு வருது, கடைசில சமாரியர்களைக் கொன்னதுக்காக ரோமுக்குத் திருப்பிக் கூப்பிட்டாங்க. காய்பா யாருன்னா ரோம அதிகாரி வச்சா இருக்கலாம், எடுத்தா போகணும்ங்கற பதவியில இருந்த ஒரு பிரதான ஆசாரியன். படத்துல பாத்தா காய்பா பிலாத்துவை ஆட்டி வைக்கிற மாதிரி இருக்கு. சுவிசேஷத்துலயும் பிலாத்து தயங்கறான், இல்லன்னு சொல்லல, ஆனா படம் அந்தத் தயக்கத்தை எடுத்து ஊதி ஊதி பெருசாக்கிட்டு, அடியில பாதியை ஆலயக் காவலர்கள் கையில குடுத்துடுச்சு.

படம் வந்த அன்னிக்கே டென்வர்ல ஒரு சர்ச் வாசல் போர்டுல "யூதர்கள்தான் கர்த்தராகிய இயேசுவைக் கொன்றார்கள்"னு எழுதி வச்சாங்க, எதிர்ப்பு வந்த பிறகுதான் எடுத்தாங்க. குவைத்ல, நபிமார்களை உருவமா காட்டக்கூடாதுங்கற இஸ்லாமிய நம்பிக்கை இருக்கற இடத்துல, ஒரு மதகுரு இந்தப் படத்தைத் திரையிட விடணும்னு கேட்டாரு, காரணம் இது கிறிஸ்துவுக்கு யூதர்கள் செஞ்ச குற்றத்தைக் காட்டுதாம். கலவரம் எங்கயும் நடக்கல, அது உண்மை, அதுக்கு ஸ்தோத்திரம். ஆனா ப்யூ ஆராய்ச்சி மையம் அந்த மார்ச்ல எடுத்த கருத்துக்கணிப்புல, இயேசுவோட சாவுக்கு யூதர்கள்தான் பொறுப்புன்னு சொன்ன அமெரிக்கர்கள் 26 சதவீதம், 1997ல இதே கேள்விக்கு 19 சதவீதமா இருந்துச்சு. முழுக்க படத்தாலதான்னு சொல்ல முடியாது, ஆனா ஒண்ணுமே ஆகலன்னும் சொல்ல முடியாது.

எனக்கு ரொம்ப வலிக்கிறது நம்ம ஆளுங்க குடுத்த பதில்தான். ஒருத்தன் "இந்தக் கதையைச் சொல்லி என் தாத்தாவை அடிச்சாங்க"ன்னு சொல்லும்போது, "நீ படம் பாக்காமலே பேசாத"ன்னு சொல்றது கிறிஸ்தவ பதில் இல்ல. அடிபட்டவனைப் பாத்து அழுதுட்டு வெளிய வந்து, அடிபட்ட இன்னொருத்தனோட பயத்தை "ஓவரா பண்றாங்க"ன்னு சொன்னோம்னா அந்த அழுகைக்கு என்ன அர்த்தம். கிப்சனே அந்த நேரத்துல தன்னை விமர்சிச்ச ஒரு பத்திரிகையாளரைக் கொல்லணும்போல இருக்குன்னு பேட்டியில சொன்னாரு. 2006ல குடிச்சுட்டு வண்டி ஓட்டி போலீஸ்ல மாட்டினப்ப யூதர்களைப் பத்தி அவர் கத்தினதும் வெளிய வந்து, மன்னிப்பு கேட்டாரு. மன்னிச்சிடலாம், மன்னிக்கணும். ஆனா அதுக்கு முன்னாடி இரண்டு வருஷமா பயந்தவங்களைக் கிண்டல் பண்ணவங்க யாராவது அவங்க கிட்ட போய் "நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும்"னு சொன்னாங்களான்னு தெரியல, எனக்கு அப்படி ஒண்ணும் கண்ணுல படல.

எதிர்ப்பக்கத்துலயும் சிலர் நடந்துக்கிட்டது சரியில்ல. விமர்சகர்கள்ல சிலர் இதை ரம்பம் எடுத்து வெட்டுற பேய்ப்படத்தோட ஒப்பிட்டுக் கேலி பண்ணாங்க, அழுதவங்களையும் சேர்த்து ரத்தவெறி பிடிச்ச கூட்டம்னு எழுதினாங்க. அந்த விதத்துல ரோஜர் ஈபர்ட் எழுதினது எனக்கு நேர்மையா பட்டுச்சு. நாலு ஸ்டார் குடுத்தாரு, சின்ன வயசுல பீடச்சிறுவனா சிலுவைப்பாதை செஞ்ச அனுபவத்தைச் சொன்னாரு, கூடவே நான் பாத்த படங்கள்லயே இதுதான் அதிக வன்முறையான படம்னும் எழுதினாரு, இதுக்குப் போய் 'ஆர்' ரேட்டிங்தான் குடுத்தாங்களான்னும் கேட்டாரு. மதம்ங்கறதனால ரேட்டிங் போர்டு பயந்துடுச்சான்னு அவர் கேட்டது சரியான கேள்வி. இங்கிலாந்துல 18 வயசு ஆனவங்க மட்டும்னு சர்டிஃபிகேட் குடுத்தாங்க. அமெரிக்காவுல பெரியவங்க கூட வந்தா எந்தக் குழந்தையும் பாக்கலாம், அப்படித்தான் சண்டே ஸ்கூல் பிள்ளைங்களைக்கூட கூட்டிட்டுப் போனாங்க.

பிள்ளைங்க விஷயத்துல மட்டும் எனக்கு ரெண்டு மனசு இல்ல. தயவுசெஞ்சு காட்டாதீங்க. "ஆண்டவர் உனக்காக இப்படி அடிவாங்கினார், நீ பொய் சொன்னா அவருக்கு இன்னும் ஒரு அடி"ன்னு சொல்லி எட்டு வயசுப் பிள்ளைக்கு அந்த சாட்டை சீனைக் காட்டினா அது விசுவாசத்தை வளர்க்காது, ராத்திரி தூக்கத்தைத்தான் கெடுக்கும். அந்தப் பிள்ளை ஆண்டவரை நினைச்சாலே அந்தப் பிஞ்சு போன சதைதான் ஞாபகம் வரும். சினிமாவுல வன்முறை அதிகமாயிடுச்சுன்னு மேடை போட்டுப் பேசின அதே சபைகள் இந்த ஒரு படத்துக்கு மட்டும் கண்ணை மூடிக்கிட்டாங்க.

எது நம்மளைக் கோவப்படுத்துதுன்னும் யோசிச்சுப் பாக்கணும். 1988ல மார்ட்டின் ஸ்கோர்செஸி இயேசுவைப் பத்தி ஒரு படம் எடுத்தாரு, அதுல சிலுவையில தொங்கும்போது கல்யாணம் குடும்பம்னு ஒரு சாதாரண வாழ்க்கை வாழ்ற மாதிரி ஒரு சோதனை அவருக்கு வருது, கடைசில அதை வேண்டாம்னு தள்ளிட்டு சிலுவைக்கே திரும்பறாரு. அதுக்கு ஊர்வலம், தடை, பாரிஸ்ல செயின்ட் மிஷெல் தியேட்டருக்குத் தீயே வச்சாங்க, படம் பாத்துக்கிட்டிருந்தவங்க காயம்பட்டாங்க. இயேசுவுக்கு ஒரு குடும்பம் இருந்திருந்தான்னு நினைச்சதுக்கு நெருப்பு, இயேசுவோட சதையை ரெண்டு மணி நேரம் பிச்சுக் காட்டினதுக்கு மொத்தமா டிக்கெட். ரெண்டு படத்தையும் நான் பாத்திருக்கேன், ரெண்டுலயும் எனக்குக் குறை இருக்கு, ஆனா இந்த வித்தியாசம் என்னைத் தொந்தரவு பண்ணிட்டே இருக்கு.

கிப்சன் படம் எடுத்தது இத்தாலியில மத்தேரான்னு ஒரு பழைய ஊர்ல. அதே ஊர்ல 1964ல பசோலினின்னு ஒரு இத்தாலிய இயக்குனர் மத்தேயு சுவிசேஷத்தைப் படமா எடுத்தாரு, மார்க்சியவாதி, கடவுள் நம்பிக்கை இல்லாதவர். நடிச்சவங்க பூரா தொழில் நடிகர்கள் கிடையாது, வயசான மரியாளா அவரோட சொந்த அம்மாவே நடிச்சாங்க. அதுல சிலுவைக் காட்சி சின்னதுதான், ரத்தம் கொஞ்சம்தான், அந்த அம்மா கீழ விழுந்து துடிக்கிறதைக் காட்டுவாரு. ஆனா அதுக்கு முன்னாடி அந்த இயேசு பேசிட்டே இருப்பாரு, நடந்துக்கிட்டே பேசுவாரு, பரிசேயனைத் திட்டுவாரு, குழந்தையைப் பாத்துச் சிரிப்பாரு. அதனால அவர் சாகும்போது நமக்குத் தெரிஞ்ச ஒருத்தர் சாகறாரு. பிடிச்சவங்க இதையும் தேடிப் பாருங்க.

2005 மார்ச்ல கிப்சன் அஞ்சு நிமிஷத்துக்கிட்ட வெட்டிட்டு அதே படத்தைத் திரும்ப விட்டாரு, பாட்டிம்மாக்கள், பிள்ளைங்க பாக்கட்டும்னு. ஓடல. வெட்டினது சதை தெறிக்கிறதைத்தான், படத்தோட கண்ணு மாறல.

இப்ப அடுத்த பாகம், உயிர்த்தெழுதலைப் பத்தி, எடுத்துட்டு இருக்காங்க. முதல் படத்துல உயிர்த்தெழுதல் ஒரு நிமிஷம்கூட முழுசா இருக்காது, கல்லு நகருது, துணி சரியுது, கையில ஓட்டை, முடிஞ்சது. இந்தத் தடவை ரிலீசுக்கு முன்னாடியே போதகர்கள் யாராவது பக்கத்துல இருக்கற யூத சமூகத்துக்காரங்களையும் கூப்பிட்டு உக்கார வச்சு முன்கூட்டியே பாக்கட்டும், அவங்க ஒரு இடத்துல கை தூக்கினா காது குடுத்துக் கேக்கட்டும். படத்துல எனக்கு என்ன வேணும்னா, மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரன்னு நினைச்சுக்கிட்டுப் பேசறது, எம்மாவு ரோட்டுல ரெண்டு பேர் அடையாளமே தெரியாம கூட நடக்கறது, கடற்கரையில கரிநெருப்பு போட்டு மீன் சுட்டு வச்சுட்டு "வாருங்கள், போஜனம் பண்ணுங்கள்"ன்னு கூப்பிடறது. மூணு தடவை மறுதலிச்ச பேதுரு கிட்ட மூணு தடவை "என்னை நேசிக்கிறாயா"ன்னு கேக்கற அந்த இடத்துக்கு ஒரு பத்து நிமிஷம் குடுங்க. கசையடிக்குக் குடுத்த அதே பத்து நிமிஷம்.